சுடுதா, குளுருதா?

ஷோபனாவின் பிசியோதெரபி கிளினிக்குக்குள் நுழையும்போதே சாமிதுரை ஒரு முடிவோடுதான் நுழைந்தார். இன்றைக்கு அந்தச் சூட்டுப் பையைக் கணுக்காலில் வைத்துக்கொள்ளாமல் திருத்துறைப்பூண்டியை விட்டுக் கிளம்புவதில்லை. இறுகிக் கிடக்கும் கணுக்கால் மசிய வேண்டும். கோடை மழை ஒன்று இறங்கியதும் டிராக்டரில் ஏறி உட்கார்ந்து உழவு போட வேண்டும். இதற்கு நடுவில் ஒரே ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக, பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வரும் மனைவி நாகரத்தினத்துக்குத் தெரியவே கூடாது.

அந்த விஷயம் என்னவென்றால், சாமிதுரைக்கு இரண்டு பாதமும் மரத்துப் போய்விட்டது. போன தீபாவளி வாக்கில் ஆரம்பித்தது. முதலில் பாதத்துக்கு அடியில் பஞ்சு வைத்துக் கட்டியது போல இருந்தது. போகப் போக அந்தப் பஞ்சுகூடத் தெரியவில்லை. செருப்பு ஒன்று வரப்பிலேயே கழன்று கிடக்கும். மனுஷர் பாட்டுக்கு வீடு வரைக்கும் நடந்து வந்து, வாசலில் குனிந்து பார்த்த பிறகுதான் கண்டுபிடிப்பார். எல்லாம் சர்க்கரையின் வேலை. மாத்திரையை ஒரு நாள் போடுவார், நாலு நாள் மறப்பார். கேட்டால், "வயக்காட்டுல வேர்க்குற வேர்வையில சக்கரையெல்லாம் கரைஞ்சு போயிடும்" என்று வியாக்கியானம் வேறு.

தை அறுவடையில் டிராக்டரிலிருந்து இறங்கும்போது இடது கால் படியில் இருக்கிறதா அந்தரத்தில் இருக்கிறதா என்று தெரியாமல் கீழே விட்டார். கணுக்கால் மளுக்கென்று பிசகிக்கொண்டது. வீக்கம் வடிந்தது. ஆனால் கணுக்கால் துருப் பிடித்த இரும்பு மாதிரி இறுகிப் போயிற்று. கிளச்சை முழுசாக மிதிக்க முடியவில்லை.

அதைச் சொல்லிக்கொள்ளலாம், கௌரவக் குறைச்சல் இல்லை. மரத்துப் போனதைத்தான் சொல்ல முடியாது. ஏனென்றால் அவர் உழும் ஒரு வேலி நிலமும் நாகரத்தினத்தின் அப்பா கொடுத்தது. பட்டா அவள் பெயரில் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வயல் என்று நினைக்காமல் உழைத்தவர் சாமிதுரை, அதில் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒருத்தருக்குச் சர்க்கரை முற்றிக் காலை எடுத்த அன்றைக்கே நாகரத்தினம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தாங்க, உங்க காலுக்கும் ஏதாச்சும் ஆவுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது, மறுநாளே நெலத்த எந் தம்பிக்குக் குத்தகைக்கு வுட்டுருவேன். அப்பறம் நீங்க தலகீழா நின்னாலும் கேக்க மாட்டேன்."

தம்பி இராஜாங்கம் அதற்காகவே காத்துக்கொண்டிருக்கிறான். "மச்சான், நீங்க ராஜா மாரி வீட்டுல உக்காந்து டிவி பாருங்களேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். ஆனாலும் அதைக் கேட்டதும் சாமிதுரை துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். வயலுக்குப் போகாமல் அவர் என்ன செய்வார்? அவருக்கு வேறு என்ன தெரியும்?

கிளினிக் கடைத்தெருவில் ஓர் உரக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது. ரெண்டு கட்டில், நடுவில் ஒதுக்கிவிட்ட ஒரு திரை, நடை பழகுகிறவர்கள் பார்த்துக்கொள்ள ஆளுயரக் கண்ணாடி ஒன்று. மூலையில் எவர்சில்வர் தொட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் வெந்நீரில்தான் அந்தச் சூட்டுப் பைகள் ஊறிக்கொண்டிருக்கும். சாமிதுரை உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது அந்தத் தொட்டியைத்தான்.

பக்கத்துக் கட்டிலில் கனகா உட்கார்ந்திருந்தாள். அதிராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவந்து இங்கே மார்க்கெட்டில் விற்கிறவள். தோள்பட்டை இறுகி, கை தலைக்கு மேல் போகவில்லை. ஆனால் வாய்க்கு எந்தக் குறைச்சலும் இல்லை. ஷோபனா அவள் தோளில் ஜெல்லைத் தடவி, அல்ட்ராசவுண்ட் மிஷினின் சின்னக் குமிழை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, மிஷினு ஓடுதா இல்லையா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"ஓடுதுக்கா."

"ஸ்கேன் எடுக்குற மாரியே தேய்க்கிறீங்க. உள்ள என்ன இருக்குன்னு பாக்குறீங்களா? இந்த வயசுல, அதுவும் தோள்ல, புள்ளையா இருக்கப் போவுது?"

ஷோபனா சிரிக்கவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. குமிழை மேல் பார்க்கத் திருப்பி, அதன் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டாள். தண்ணீர் அப்படியே நடுங்கிப் பொங்கித் துள்ளியது. கனகா, "ஆத்தாடி!" என்று தோளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். உள்ள போயி எறுகுன சதைய எளக்கும். சுட்டாத்தான் வைத்தியம், எரிஞ்சாத்தான் மருந்துன்னு யாருக்கா உங்களுக்குச் சொன்னது? இப்ப கையத் தூக்குங்க. இன்னும். வலிக்கும், தூக்குங்க. என் கண்ணு முன்னாடி தூக்கலன்னா மார்க்கெட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

கனகா பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். போன வாரம் காது வரைக்கும் வந்த கை இன்றைக்குக் கொண்டையைத் தொட்டது. அவளுக்கே நம்ப முடியவில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சாமிதுரைக்கு ஷோபனாமேல் மரியாதை வந்தது. கூடவே கொஞ்சம் பயமும் வந்தது. முப்பது வயசுகூட இருக்காது, இந்தப் பெண்ணை ஏய்ப்பது அவ்வளவு சுலபமாக இருக்காது போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

கை கழுவிவிட்டு ஷோபனா அவரிடம் வந்தாள். கட்டிலில் படுக்கச் சொல்லி, கணுக்காலை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள்.

"நல்லா எறுகியிருக்குங்கய்யா. சூடு கொடுத்து எளக்கிட்டு அப்பறம் மடக்கணும்."

"அதத்தான் டாக்டர் நானும் சொல்றேன்! அந்தத் தொட்டியில இருக்குற பையி. அத வைங்க, மத்தத நான் பாத்துக்குறேன்."

"வைக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட்டு. சுகர் இருக்குன்னு சொன்னீங்கள்ல? சூடு தெரியாத கால்ல சூடு வச்சா வெந்து போயிடும், உங்களுக்கே தெரியாது. எங்களுக்கு இதுதான் மொதப் பாடம்."

இரண்டு கண்ணாடிக் குழாய்கள் எடுத்தாள். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பிரிட்ஜ் தண்ணீர். "நான் ஒவ்வொண்ணா கால்ல வைப்பேன். சுடுதா, குளுருதான்னு சொல்லணும். காலப் பாக்கக் கூடாது, மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குங்க."

சாமிதுரை முகத்தைத் திருப்பினார். திருப்பினால், எதிரே ஆளுயரக் கண்ணாடி! அதில் அவருடைய காலும் தெரிந்தது, ஷோபனாவின் கையும் தெரிந்தது. வெந்நீர்க் குழாயைத் தொடும்போது மட்டும் அவள் அதைப் பஞ்சுத் துணியால் பிடித்துக்கொள்கிறாள். அதிர்ஷ்டம் வீடு தேடி வரும் என்பார்களே, கிளினிக் தேடியே வந்துவிட்டது. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது.

"சுடுது" என்றார். "குளுருது." "குளுருது." "அம்மாடி, இது நல்லா சுடுது!" என்று காலைக்கூட லேசாக இழுத்துக்கொண்டார்.

"அண்ணன் நூத்துக்கு நூறு" என்றாள் கனகா, தோளைத் தேய்த்துக்கொண்டே.

நாகரத்தினத்தின் முகம் தெளிந்தது. எவ்வளவு நாளாக உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாளோ, "மாரியாத்தா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். அதைக் கேட்டபோது சாமிதுரைக்குச் சந்தோஷம் பாதி, குத்தல் பாதி. ஆனாலும் என்ன, ஜெயித்தாயிற்று. ஷோபனா இடுக்கியால் ஒரு பையைத் தொட்டியிலிருந்து தூக்கி, துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஆவி பறந்தது. காலுக்கு அடியில் தலையணை வைப்பதற்காக அவர் குதிகாலைத் தூக்கி, இறங்கிக் கிடந்த வேட்டியைச் சற்று மேலே ஒதுக்கினாள். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, முன்பக்கம், மஞ்சள் அப்பிய ஒரு துணிக் கட்டு இருந்தது.

"இது என்னங்கய்யா?"

"அது ஒண்ணுமில்ல டாக்டர், சேத்துப்புண்ணு."

"வருசா வருசம் வர்றதுதாங்க" என்று நாகரத்தினமும் ஒத்து ஊதினாள். "சேத்துல நிக்குற காலு. மஞ்சப் பத்து போட்டா காஞ்சுரும்."

ஷோபனா தலையாட்டினாள். பையை இன்னொரு துண்டில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தவள் கை சட்டென்று நின்றது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் புழுதி பறந்தது.

"ஐயா, இப்ப எந்த வயல்ல சேறு இருக்கு?"

சாமிதுரை வேட்டியை இழுத்துத் துணிக் கட்டை மூடப் பார்த்தார்.

"மேட்டூர் இன்னும் தொறக்கல. கோட மழையும் பேயல. நான் பூதலூர்க்காரி, எங்க பக்கமே வாய்க்கால் காஞ்சு கெடக்கு. நீங்க தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை. உங்க வயலு பாளம் பாளமா வெடிச்சுல்ல கெடக்கும்? இதுல சேத்துப்புண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

"அது... போர்செட்டுத் தண்ணி பாய்ச்சினேன்."

சொன்ன மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, தொலைந்தோம் என்று. வெளியூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டிய பொய்யைக் கட்டின பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது சொல்லலாமா?

"நம்மூர்ல ஏதுங்க போரு?" என்றாள் நாகரத்தினம். "எங்க தோண்டுனாலும் உப்புத் தண்ணில்ல வருது? உப்புத் தண்ணிய யாராச்சும் வயலுக்குப் பாய்ச்சுவாங்களா?"

ஷோபனா சூட்டுப் பையைத் திரும்பத் தொட்டியிலேயே போட்டுவிட்டாள். வந்து துணிக் கட்டை அவிழ்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து, தோல் வழன்று, ஓரம் சிவந்திருந்தது.

"சேத்துப்புண்ணு விரலிடுக்குல வரும், எங்கப்பாவுக்கும் வரும், நான் பாத்திருக்கேன். இது சுட்ட புண்ணு." நிமிர்ந்து அவர் முகம் பார்த்திருந்த பக்கத்தைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். "ஓ" என்றாள். அவள் காது சிவந்துவிட்டது. கோபம் அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. "என் புத்தியச் சொல்லணும். கண்ணாடிய எதுத்தாப்புல மாட்டி வச்சுட்டு மொகத்தத் திருப்புங்கன்னு சொல்லியிருக்கேன் பாருங்க. இப்ப மறுபடி பாப்போம்."

ஒரு துண்டை எடுத்து அவர் முகத்தை மூடினாள். துண்டுக்குள் இருட்டு. டெட்டால் வாசனை. குழாய்களில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சாமிதுரைக்கு விட்டுவிட மனசு வரவில்லை. மாற்றி மாற்றிச் சொன்னால் பாதியாவது சரியாக வராதா?

"இது?"

"சுடுது."

"இது?"

"குளுருது."

"இது?"

"சுடுது டாக்டர், நல்லா சுடுது."

கனகா களுக்கென்று சிரித்தாள். சிரித்தவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். சாமிதுரை பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே துண்டை எடுத்தார். ஷோபனா குழாய்கள் இரண்டையும் நாகரத்தினத்தின் கையில் கொடுத்திருந்தாள். அவள் ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், மற்றொன்றையும் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஐஸு தண்ணி" என்றாள்.

இனி என்ன மறைப்பது? சாமிதுரை எழுந்து உட்கார்ந்தார்.

"ஆமா ரத்தினம். தெரியல. ரெண்டு காலும் தெரியல. தீபாவளிலேருந்து தெரியல."

"இந்தப் புண்ணு?"

"மாட்டுக்கொட்டாயில கல்லுப்ப வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் வச்சேன். எறுக்கம் வுடட்டும்னு காலு மேல வச்சேன். சூடு தெரியல. இன்னும் கொஞ்சம் வறுத்தேன், அப்பவும் தெரியல. என்னைக்காச்சும் ஒரு நாளு சுருக்குன்னு சுடும்ல, அன்னைக்குக் காலுக்கு உசுரு வந்துருச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்னு வச்சுக்கிட்டே இருந்தேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "உன்கிட்டச் சொன்னா வயல எடுத்துருவ. வயலு இல்லாம நான் என்னத்தப் பண்ணுவேன், சொல்லு."

நாகரத்தினம் குழாய்களைப் பிடித்தபடியே நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் கனகாவால்தான் சும்மா இருக்க முடியாதே. "டாக்டரம்மா, சூடு வேணாம்னா ஐஸு வைங்களேன். எங்கிட்ட பொட்டி பொட்டியா இருக்கு, எறக்கிட்டு வரேன்."

"ஐஸும் கூடாதுக்கா. சுடுறது தெரியாத காலுக்கு ஐஸு கடிக்கிறதும் தெரியாது. உங்களுக்கு வச்ச மிஷினும் இவருக்கு வேணாம்." ஷோபனா சாமிதுரையின் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, என்னப் பாருங்க. மொதல்ல இந்தப் புண்ணு. இங்கேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டுறீங்க, சுகரும் பாக்குறீங்க, மாத்திரைய ஒழுங்காப் போடுறீங்க. இன்னும் கொஞ்ச நாளு உப்பு வறுத்திருந்தீங்கன்னா கால எடுத்திருப்பாங்க, சும்மா பயமுறுத்தல. ரெண்டாவது, கணுக்காலு. அதுக்கு நான் பொறுப்பு. சூடும் வேணாம், ஐஸும் வேணாம், என் ரெண்டு கை போதும். மசிய வச்சுக் காட்டுறேன்."

அவள் சொன்ன விதத்தில் சாமிதுரைக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "அப்ப டிராக்டரு?" என்று கேட்டார்.

"ஓட்டக் கூடாது. கிளச்சு மேல காலு இருக்கா, பிரேக்கு மேல இருக்கான்னு தெரியாம வண்டிய ஓட்டி யார் மேல ஏத்தப் போறீங்க? வயலுக்குப் போங்க, வரப்புல நடங்க, செருப்பு கழலாம வாரு வச்சதாப் போட்டுக்குங்க. டிராக்டரு மட்டும் வேணாம். அதுல எனக்கு ரெண்டு பேச்சு கெடையாது."

சாமிதுரை தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் அதுதான் போயிற்று. வாடகைக்கு ஆள் பிடித்து உழலாம். ஆனால் மழை விழுந்த ஈரத்தில் ஊரே ஒரே நாளில் உழும். கடைமடையில் அன்றைக்கு எந்த டிரைவர் கிடைப்பான்? இராஜாங்கத்துக்கு ரெண்டு பையன்கள், ரெண்டு பேருமே வண்டி ஓட்டுவார்கள். கணக்கு அவனிடத்தில்தான் போய் முடிகிறது.

நாகரத்தினம் குழாய்களை மேசைமேல் வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பையிலிருந்து போனை எடுத்தாள். அவள் யாருக்குப் போடுகிறாள் என்று கேட்கவே வேண்டாம். தடுக்கலாம் என்று கையைத் தூக்கிய சாமிதுரை, தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று இறக்கிக்கொண்டார்.

"டேய் இராஜாங்கம், அக்கா பேசுறேன். உம் மச்சானுக்குக் காலு மரத்துப் போச்சாம். ஆமா, ரெண்டும். டாக்டர் டிராக்டரு ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க."

போனில் இராஜாங்கத்தின் குரல் பக்கத்துக் கட்டில் வரைக்கும் கேட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல அக்கா! நீ கவலப்படாத. வுட்டுரு, நாளைக்கே வந்து பேசி முடிச்சுருவோம்."

"என்னத்தப் பேசி முடிப்ப? குத்தகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பேச்ச இத்தோட வுடு."

"பின்ன யாரு ஓட்டுறது?"

"நான் ஓட்டுறேன்."

ஷோபனா நிமிர்ந்து பார்த்தாள். கனகா வாயைப் பொத்திக்கொண்டாள். போனுக்குள் இராஜாங்கம் சிரித்த சிரிப்பு அறைக்கே கேட்டது.

"நீயா? ஒனக்குக் கிளச்சு எது, பிரேக்கு எதுன்னு தெரியுமாக்கா?"

"தெரியாது. உம் மச்சானுக்குத் தெரியும். அவருக்குக் காலுதான்டா போச்சு, வாய் போகல. அவரு சொல்லுவாரு, நான் மிதிப்பேன். வச்சுடுறேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "வயல எடுத்துருவேன்னு சொன்னேனே தவிர, உங்கள வுட்டுருவேன்னு சொன்னேனா? வெந்து போற வரைக்கும் எங்கிட்டச் சொல்லாம இருந்தீங்களே, அதுக்கு ஒங்கள வீட்டுல போயி வச்சுக்குறேன்."

சாமிதுரை அழுதார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷர், மீன்காரம்மா முன்னாலும் டாக்டர் பெண் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"கிளச்ச மிதிச்சுட்டு சடக்குன்னு வுடக் கூடாது ரத்தினம். மெல்ல வுடணும். இல்லன்னா வண்டி குதிக்கும்."

"இங்கயே ஆரம்பிச்சாச்சா?" என்றாள் நாகரத்தினம்.